ஆகமத் தேட்டமும் தேட்டக் குறிப்பும்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பதி இக்காலத்து விருத்தாசலம் என வழங்கப்பெற்றுப் பீங்கான் தொழிலாற் பலர்க்கும் அறிமுகமாயிருப்பினும், சைவ நன்மக்களுக்கு அஃது ஆகமப் பதியே ஆகும். பழமலைநாதர் திருக்கோயிலினுள் 28 சிவலிங்கங்கள் ஒருங்கே எழுந்தருளிய தனிக்கோயில் ஒன்று உண்டு. முருகப்பெருமான் 28 ஆகமங்களையும் இலிங்கத் திருமேனிகளாக நிறுவி வழிபட்டனர் என்பது தலவரலாறு. காமிகம் முதல் வாதுளம் ஈறாகச் சிவபேதம் 10, உருத்திரபேதம் 18 எனக் கூறப்படும் தொகை அங்குக் கல்லில் நின்று விளங்குகின்றது.

இத்தொகை வழிபாட்டிற்கு மட்டுமன்றி நூலாராய்ச்சிக்கும் உதவுவது. தேடப் புகுவோன் தான் தேடும் பொருள் இன்னது என முன்னரே வரையறுத்துக் கோடல் வேண்டும். ஆகமங்களைப் பொறுத்தவரை அவ்வரையறை நம் முன்னோரால் அருளப்பட்டுள்ளது. அவற்றுள் எவை கிடைத்தன, எவை கிடைத்தில, எங்கெங்குத் தேடப்பட்டன என்பனவே எஞ்சிய வினாக்கள். முதலிரண்டற்கும் விடை கூறுவார் பலர். மூன்றாவதற்கு விடை எழுதிவைத்தார் சிலரே. அம்மூன்றாவது இல்வழி இரண்டாவதற்குக் கூறும் விடை அளவை நெறிக்கு ஏலாது என்பதே ஈண்டு யாம் காட்டக் கருதியது.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் அளவையியலிற் பிறர் கூறும் அளவைகளை எடுத்தோதி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என நிறுவினர். அவ்வளவைகளுள் அபாவம் என்பது ஒன்று. இந்நிலத்திற் குடம் இல்லை என அறிதல் அதற்குத் தருக்க நூலார் காட்டும் உதாரணம். ஆயின் காணாமை அனைத்தும் இன்மையை நிறுவுமோ எனின், நிறுவாது. இருள் செறிந்த அறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை எனல் வழு. ஒளியும் கண்ணும் இடமும் பொருந்தி, இருப்பின் தப்பாது காணப்படும் என்னும் தகுதியுள்ளவிடத்தே காணாமை இன்மைக்குச் சான்றாம். நூல் தேடுவோர்க்கும் இதுவே விதி. இன்ன இடங்களில், இன்ன வகைச் சுவடிகளில், இன்ன பெயர்களால் தேடினேன் என்னும் குறிப்பே அவ்வொளி. அஃதின்றி ஒரு நூலை இறந்துபட்டது என எழுதுதல் இருளில் நின்று இல்லை என்றலையே ஒக்கும். அச்சொல்லை நம்பிப் பின்வருவோர் தேடாதொழிவராதலின், எங்கேனும் எஞ்சிய ஏடும் கேட்பாரற்று அழியும்.

இனி வரலாற்றை நோக்குவாம். தில்லையில் அடைபட்டிருந்த திருமுறை ஏடுகளை இராசராசசோழனும் நம்பியாண்டார் நம்பியும் வெளிப்படுத்தியபோது, பல செல்லரித்தொழிந்தன என்பது மரபு. சம்பந்தர் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000 எனப் பதிகத்தொகை அம்மரபில் வழங்குகின்றது. கிடைத்தவற்றைப் போற்றியதோடு அமையாது, கிடையாதனவற்றின் அளவையும் நினைவிற் கொண்டமை கருதத்தக்கது.

திருஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டு மரபில் இல்லாதிருந்து, 1917-ஆம் ஆண்டு அத்தலத்துக் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஏட்டினை மட்டும் தேடினோர் அதனை ஒருகாலும் கண்டிரார். எனவே எத்தகைய மூலங்களைத் தேடினோம், எவற்றைத் தேடவில்லை என்பதும் குறிக்கற்பாலது.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தனர். தமக்குச் சுவடி உதவியோர் பெயரையும் ஊரையும் முகவுரைகளில் வரைந்தமை நன்றியுரையாதலோடு தேட்டக் குறிப்பாகவும் பயன்பட்டது.

ஆகமத் துறையில் இந்நெறி புதுச்சேரியில் முறைப்பட வளர்ந்தது. ஆங்குப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955-இல் தோன்றிற்று. பிலியோசா என்பார் தலைமையில், என். ஆர். பட் முதலியோர் சிவாசாரியர் இல்லங்கள், மடங்கள், கோயில்கள் ஆகியவற்றிலிருந்து சுவடிகளைத் திரட்டினர், பெறலாகாதவற்றைப் படியெடுப்பித்தனர். படிகளுக்கு எண்ணிட்டனர். இரௌரவம் 1961 முதலாகவும், அசிதம் 1964 முதலாகவும் பகுதி பகுதியாக வெளிவந்தன. எவ்வெச்சுவடிகள் ஒப்புநோக்கப்பட்டன என்பது அப்பதிப்புகளிற் காட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 11,000 எனப்படும் புதுச்சேரிச் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றிற்று.

எனினும் தென்னாடு ஒன்றனையே தேடினார்க்கு அகப்படாதன உள. நிசுவாச தத்துவ சங்கிதையின் பழைய பனையோலைச் சுவடி நேபாளத்தில் இருந்தது. அதனை அரப்பிரசாத சாத்திரியார் 1905-இல் வெளிவந்த தமது சுவடி அட்டவணையிற் குறித்துவைத்தனர். அந்நூலின் முற்பகுதிகள் 2015-இல் புதுச்சேரியிலிருந்து பதிப்பாகி வெளிவந்தன. நூற்றாண்டின் பின்னரும் அதனை ஆராய்வார்க்கு அவ்வட்டவணைக் குறிப்பு வழிகாட்டிற்று. கிரணாகமத்திற்கும் கி. பி. 924-இல் எழுதப்பெற்ற நேபாளச் சுவடி உண்டு. குறிப்பு எழுதினோர் உழைப்பு அவர் காலத்தோடு முடிவதில்லை என்பதற்கு இவை சான்று.

இக்காலத்து மருத்துவ அறிஞரும் ஒரு மருந்தின் பயனைத் துணியுமுன், அதுபற்றிய ஆய்வுரைகளையெல்லாம் முறைப்படத் தேடித் தொகுக்கின்றனர். எந்நாளில், எந்நூற்றொகுதியில், எச்சொற்களைக்கொண்டு தேடினர், எத்துணை கிடைத்தன, இருமுறை வந்தவை எத்துணை, விலக்கியவை எவை, விலக்கியதற்குக் காரணம் யாது என அனைத்தையும் வெளியிடுமாறு விதித்துள்ளனர். 1993-இல் நிறுவப்பட்ட காக்ரேன் கழகம் இம்முறையைப் பரப்பிற்று. தேட்டத்தை அறிவித்தற்கென்றே 16 உறுப்புக்களையுடைய விதிநிரல் ஒன்றும் 2021-இல் வெளிவந்தது. பிறனொருவன் அவ்வழியே சென்று அதே முடிவை எய்தல் வேண்டும் என்பது கருத்து. நம் தருக்க நூலார் காணாமைக்கு வேண்டிய தகுதியை அவர்கள் செயன்முறையாக்கினர் எனல் பொருந்தும்.

ஆதலின் ஆகமமும் சாத்திரமும் தேடும் அன்பர்கள் ஒரு குறிப்பேடு வைத்தல் கடன். சென்ற நாள், ஊர், கண்ட கட்டுக்களின் தொகை, ஒவ்வொன்றன் எழுத்து வகை, முதலும் ஈறும், சிதைவு ஆகியவற்றை உடனுக்குடன் எழுதுக. நூற்பெயரை மட்டும் நம்பற்க. ஒரே பெயரால் வேறுவேறு பாடங்கள் வழங்குதலின், முதலடியும் இறுதியடியும் இன்றியமையாதன. அவிழ்த்துப் பாராத கட்டுக்களையும் அவ்வாறே குறிக்க. இசைவு பெறாத இல்லத்தை இல்லை என்னும் பகுதியிற் சேர்க்கற்க. பார்க்கப்படவில்லை என எழுதுக. ஒன்றும் கிடையாத ஊரையும் விடாது எழுதுக.

திருமுதுகுன்றத்து ஆகமக்கோயிலில் ஒவ்வோர் இலிங்கத்திற்கும் வழிபாடு உண்டு. இந்நூல் கிடைத்தது, இந்நூல் கிடைத்திலது என்னும் வேற்றுமை ஆண்டு இல்லை. கிடையாத ஆகமமும் வழிபடற்குரியதாயின், அது தேடற்கும் உரியதே. தேடிய வழியைப் பின்னோர் அறிய எழுதிவைத்தலும் சிவத்தொண்டாம்.