3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப்: நம் மலையில் அந்தக் கணக்கு சரிவருமா?



பலாங்கொடையில் பிள்ளை பெற்ற எந்த வீட்டுக்கும் "மிட்வைஃப் மிஸ்" தெரியாமல் இருக்காது. வயிற்றில் பிள்ளை என்றதும் பெயர் பதிபவர் அவர்தான். கிளினிக்கில் நிறை பார்ப்பவரும், நாற்பது முடிவதற்குள் வீடு தேடி வருபவரும் அவர்தான். அவர் ஒரு நாள் பிந்தி வந்தால் நாம் முணுமுணுக்கிறோம். அந்த மிஸ்மாரின் களைப்புக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு வருட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

நம் மூத்தம்மாமார் பிறந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 1930களில் இலங்கையில் 1 இலட்சம் பிள்ளைகள் பிறந்தால் 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது 50 பிரசவத்துக்கு ஒரு மவுத்து. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களை எடுத்தது. நம் சப்ரகமுவவின் கேகாலை மாவட்டம் அதில் மிக மோசமாக அடிபட்டது. காய்ச்சலாலும் இரத்தக் குறைவாலும் சோர்ந்த உடம்போடு பிரசவத்துக்குப் போன பெண்கள் பலர் திரும்பி வரவில்லை.

அந்த நிலை ஒரே நாளில் மாறவில்லை. கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி 1879இல் திறக்கப்பட்டது. ஆனால் கிராமத்துப் பெண்ணுக்குக் கொழும்பு எட்டாத தூரம். பெரிய திருப்பம் 1926இல் வந்தது. அந்த வருடம் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. தாய் ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திருக்காமல், பயிற்சி பெற்ற மருத்துவிச்சி தாயின் வீட்டுக்கே போகும் முறை அங்கிருந்துதான் பரவியது. இன்று ஒவ்வொரு எம்.ஓ.எச். ஓபிஸின் கீழும் நடப்பது அதன் தொடர்ச்சிதான்.

அப்போது பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தன. பிரசவத்துக்கு நேரம் காலம் கிடையாது. நள்ளிரவில் ஆள் வந்து கூப்பிட்டால், பையைத் தூக்கிக்கொண்டு வரம்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் போக வேண்டும். விடிய விடிய தாயோடு இருந்துவிட்டு, காலையில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்த உழைப்பின் பலன் கணக்கில் தெரிகிறது. 1950 அளவில் தாய் மரணம் 1 இலட்சத்துக்கு 500-600 ஆகக் குறைந்தது. இன்று ஏறத்தாழ 30. உலக வங்கி 2003இல் இலங்கையையும் மலேசியாவையும் எடுத்துக்காட்டாக வைத்து இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டது. மலேரியா ஒழிப்பு, இரத்தம் ஏற்றும் வசதி, புதிய மருந்துகள், பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அவற்றைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை மருத்துவிச்சிகளின் கால்கள்.

தோட்டங்களின் கதை வேறு. அங்கே சுகாதாரம் நெடுங்காலம் கம்பெனியின் கையில் இருந்தது. தோட்டத்து மருத்துவிச்சியும் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர், தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர். பிரசவ சகாயச் சட்டம் 1939இல் வந்தபோது, கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிள்ளைப்பேற்று ஓய்வும் பணமும் உரிமையாயின. அது நல்ல சட்டம். அந்தத் தாயின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவளின் ஓய்வு அதன் பொருளாக இருக்கவில்லை.

இப்போது தலைப்பில் உள்ள கணக்குக்கு வருவோம். 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பதுதான் நம் நாட்டின் அளவுகோல். அது ஆட்களை எண்ணுகிறது, மேடு பள்ளத்தை எண்ணுவதில்லை. டவுனுக்குள் 3,000 பேர் சில தெருக்களில் அடங்கிவிடுவார்கள். ராசகலை, பெட்டியாகலைப் பக்கம் அதே 3,000 பேர் டிவிஷன் டிவிஷனாக, லயம் லயமாகச் சிதறி இருக்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஏறும் நேரம் எந்தப் படிவத்திலும் வராது. மழைக்காலத்தில் வழுக்கலும் அட்டையும் வேறு. வெற்றிடம் இருந்தால், ஒரே மிஸ் பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார்.

பிள்ளை பிறந்த முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போக வேண்டும். அதோடு கிளினிக், தடுப்பூசி, திரிபோஷ, குடும்பத் திட்டம், மாத அறிக்கை. வீட்டுப் பிரசவம் இன்று கிட்டத்தட்ட இல்லாமல் போனாலும், அந்த இடத்தைக் கொப்பிகளும் படிவங்களும் பிடித்துக்கொண்டன. 2022இல் பெட்ரோல் வரிசையில் நாம் நின்றபோது, ஸ்கூட்டியை நம்பி வேலை செய்த மிஸ்மாரும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

மொழியையும் மறக்கக் கூடாது. தமிழ் பேசும் தாயிடம் சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ் போகும்போது, பத்து நிமிடப் பேச்சு அரை மணித்தியாலம் ஆகிறது. பல நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைதான் மொழிபெயர்க்கிறது. தாய் சொல்ல வெட்கப்படும் விஷயம் அப்படியே விடுபட்டுப் போகிறது.

களைப்பு மிஸ்ஸின் சொந்தப் பிரச்சினைதானே என்று விட்டுவிட முடியாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் இரத்தப்போக்கு ஒரு தாயை இரண்டொரு மணித்தியாலத்தில் கொன்றுவிடும். கால் வீக்கம், தலையிடி, ஏறிய பிரஷர் போன்ற சின்ன அடையாளங்களை முதலில் காண வேண்டியவை பெரும்பாலும் மருத்துவிச்சியின் கண்கள்தான். ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் இரவு டியூட்டி செய்பவருக்கும் இது பொருந்தும். உலகத்துக்கு இன்னும் 9 இலட்சம் மருத்துவிச்சிகள் தேவை என்று 2021இல் வந்த உலக அறிக்கை சொன்னது. ஆட்கள் குறையும் ஒவ்வொரு இடத்திலும் இருப்பவர் இரட்டிப்பாக உழைக்கிறார்.

நம்மால் செய்யக்கூடியவை மூன்று.

1. கர்ப்பம் என்று தெரிந்ததும் பிந்தாமல் பெயர் பதிவோம். கிளினிக் நாளைத் தவறவிடாமல் இருப்போம். நாம் போகாவிட்டால் அவர் நம்மைத் தேடி இன்னொரு மேடு ஏற வேண்டும். ஆபத்து என்றால் எந்த நேரமும் 1990க்கு அழைப்போம். சாதாரண சந்தேகத்தைப் பகலில் கேட்போம்.

2. பள்ளிவாசல், கோயில், விகாரை, தோட்டச் சங்கம் எதுவாக இருந்தாலும், வெற்றிடங்களை நிரப்பும்படி எழுத்தில் கேட்போம். ஆளை மட்டும் எண்ணாமல் தூரத்தையும் எண்ணிப் பிரிவுகளை வகுக்கச் சொல்வோம்.

3. உயர்தரம் முடித்த நம் பெண் பிள்ளைகளுக்கு இந்த 18 மாதப் பயிற்சியைப் பற்றிச் சொல்வோம். டொக்டர், டீச்சர் என்ற இரண்டு கனவுக்கு நடுவே இதுவும் ஒரு கண்ணியமான தொழில். நம் மொழி பேசும் ஒரு மிஸ் வந்தால், ஒரு மலைப்பக்கமே நிம்மதியாகும்.

அடுத்த முறை மிஸ் வாசலுக்கு வந்தால், கார்டை நீட்டுவதற்கு முன் ஒரு கதிரையைப் போட்டு, ஒரு பிளேன்ரீ கொடுப்போம். நம் தாய்மாரையும் அவர்களைக் காப்பவர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும் பழைய மருத்துவிச்சிகளின் கதைகளைக் கீழே எழுதுங்கள். அவையும் நம் ஊரின் வரலாறுதான்.