இருநூறுக்கு அப்பால்

பழங்காநத்தத்தில் தெருவோரமாகக் கொய்யாப்பழத்தைக் கூறு கட்டி விற்கும் ஒருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். அவளிடம் 4 பழங்கள் இருக்கின்றன. எத்தனை விதமாகக் கூறு கட்டலாம்? நாலும் ஒரே கூறு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனியே. ஆக, 5 விதம். 10 பழமானால் 42 விதம். 200 பழமானால்? 39,72,99,90,29,388 விதம்! ஒரு கூடையில் அடங்கிவிடுகிற பழத்துக்கு இவ்வளவு பெரிய கணக்கு.

இந்த எண்ணைக் கையாலேயே போட்டு முடித்தவர், பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்த மக்மஹோன். 200 வரை அவர் தயாரித்த அட்டவணை, கேம்பிரிட்ஜில் இருந்த நம் ராமானுஜன் கைக்கு வந்தது. பிறருக்கு வெறும் இலக்கங்களாகத் தெரிந்த பட்டியலில் அவர் ஓர் ஒழுங்கைக் கண்டார். 4, 9, 14 என்று ஐந்தைந்தாகத் தாண்டிப் போனால் விடை எப்போதும் 5-ஆல் மீதியின்றி வகுபட்டது. 5, 12, 19 என்று ஏழேழாகத் தாண்டினால் 7-ஆல் வகுபட்டது. 47-க்கு உரிய விடையோ 7-ஆல் இரண்டு தடவை வகுபட்டது. அப்படியானால் தக்க இடங்களில் மூன்று தடவை, நாலு தடவை என்று இது மேலும் மேலும் தொடரத்தானே வேண்டும்? 5, 7, 11 ஆகிய மூன்றுக்குமே அப்படித்தான் என்று 1919-இல் வெளியான கட்டுரையில் ஊகித்தார்.

விதி செய்த வேடிக்கையைப் பாருங்கள். 7-ஆல் மூன்று தடவை வகுபட வேண்டிய முதல் இடம் 243. அட்டவணையோ 200-லேயே நின்றுவிட்டது! 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, 32 வயதில், ராமானுஜன் சென்னையில் காலமானார்.

பின்னர் பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா பொறுமையாக உட்கார்ந்து அட்டவணையை 300 வரை நீட்டினார். 243-க்கு அவர் கண்ட விடை 13,39,78,25,93,44,888. அந்த அட்டவணையைக் கொண்டு 1934-இல் சௌலா என்ற மற்றோர் இந்தியர் ஊகத்தைச் சோதித்தார். 7-ஆல் ஒரு தடவை வகுத்தால் சரியாகப் போகிறது. இரண்டாம் தடவையும் போகிறது. மூன்றாம் தடவை 5 மிஞ்சுகிறது. மேதையின் ஊகம் அந்த ஐந்திலே இடறி விழுந்தது.

பெரியவர் வாக்கைச் சோதிப்பதே அபசாரம் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே உண்டு. குப்தாவும் சௌலாவும் அப்படி எண்ணியிருந்தால், பிழையான வாக்கியம் ஒன்று ராமானுஜன் பெயரால் இன்னும் பல காலம் உலவியிருக்கும். அவர்கள் சோதித்ததால் அவர் பெருமை குறையவில்லை. 1938-இல் வாட்ஸன், 5-க்கு அவர் சொன்னது முழுக்க உண்மை என்று நிரூபித்தார். 7-க்கு எவ்வளவு குறைத்துச் சொன்னால் உண்மையாகும் என்பதையும் காட்டினார். 11-க்கும் அவர் சொன்னது சரியே என்று 1967-இல் அட்கின் நிரூபித்தார். பூஜை அறையில் மாட்டிவைத்த படத்துக்கு இந்தப் பாக்கியம் கிடைக்காது.