சோதனை வெட்டுமுறை (ஆடைக்கலை)

ஆடையை முதலில் படமாக வரைந்து, அதற்கேற்பத் துணியை வெட்டுவது வழக்கமான முறை. அவ்வாறன்றி வெட்டிலும் மடிப்பிலும் தொடங்கி, அதில் எழும் வடிவத்தை ஆடையாக்குவது சோதனை வெட்டுமுறை. பழைய செய்தித்தாள், காடாத்துணி, கத்தரி, குண்டூசி ஆகியவை இதற்குப் போதும்.

வகைகள்

காகிதத்தில் செய்வது தட்டை வெட்டு. ப்ளவுஸின் முன்பக்கக் காகிதத்தில் இடுப்பிலிருந்து மார்பு முனைவரை ஒரு டாட் (கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) இருப்பதாகக் கொள்வோம். தோள்பட்டையிலிருந்து அதே முனைவரை கத்தரித்துவிட்டுக் கீழ் டாட்டை மடித்து மூடினால், தோளில் வாய் திறக்கும். உடம்பில் உட்காரும் அளவு மாறாது, தையல் கோடு மட்டும் இடம்மாறும். கழுத்து, கைக்குழி, பக்கத்தையல் என எங்கும் இப்படித் திறக்கலாம். நம் கடைகளில் தைக்கும் பிரின்சஸ் கட் இந்தக் கணக்கில் பிறந்ததே. டோக்கியோவின் பங்கா கல்லூரியில் கற்பித்த டொமோக்கோ நாகாமிச்சி, 2005இல் வெளியான ‘பேட்டர்ன் மேஜிக்’ நூலில் இதனை விளையாட்டாகவே மாற்றிக் காட்டினார்.

உருவத்தின்மேல் துணியைப் போர்த்தி வடிவம் காண்பது இரண்டாம் வகை. பாரிஸின் மதலேன் வியோனே சிறிய மரப்பொம்மையில் துணியைக் கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாகப் போட்டுப் பார்த்தே தம் ஆடைகளை உருவாக்கினார். துணியில் துளைகளிட்டு, உடல் அவற்றினூடே நுழையும்படி தைப்பது பிரிட்டனின் ஜூலியன் ராபர்ட்ஸ் வகுத்த கழித்தல் வெட்டு.

தமிழகத்திலும் திருவண்ணாமலையிலும்

தமிழகத்தில் தையல் பழையது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் துன்னகாரர் இருந்தனர். முல்லைப்பாட்டின் யவனர் மெய்ப்பை அணிந்திருந்தனர். ஆயினும் நம் உடையில் மேலோங்கி நின்றது வெட்டாத துணிதான். ஐந்தரை மீட்டர்ச் சேலையும் ஒன்பது கெஜமும் பஞ்சகச்சமும் மடிப்பாலும் செருகலாலும் மட்டுமே உருப்பெறுபவை. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச்சேலைக்குப் பெயர்போனது.

திருவண்ணாமலை நகரில் துணியைக் கூறிட்டதற்குப் பெயர்பெற்ற நிகழ்வு 1896 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அன்று வந்திறங்கிய பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, அய்யங்குளத்தில் தலையை மழித்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்து ஒரு கீற்றைக் கோவணமாக்கி, மிச்சத்தை எறிந்துவிட்டார். மலையில் வாழ்ந்த காலத்தில் கோவணம் கிழிந்தபோது முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவித் தைத்தார் என்பது அவர் வரலாற்றில் வரும் செய்தி. கத்தரியும் அளவுநாடாவும் இல்லாமல் அமைந்த இந்த ஆடையைவிடச் சிக்கனமான பேட்டர்ன் (வெட்டுவடிவம்) கிடையாது.

கோயில் அலங்காரம் இன்னொரு ஊற்று. உற்சவ மூர்த்திக்குப் பட்டைப் பெரும்பாலும் வெட்டாமல், விசிறி மடிப்பாக மடித்து நூலால் கட்டிச் சார்த்துவர். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா ரதம் ஓடும். தேர்களில் தொங்கும் தொம்பைகள் செவ்வகத் துணியைக் குழாயாக்கி, வேறு நிறத் துணிகளை உருவங்களாக வெட்டி மேலே வைத்துத் தைத்தவை. இக்கைவேலைக்குத் தஞ்சை வட்டாரம் பெயர்பெற்றது. நீள்சதுரத்தைக் கெடுக்காமல் கன உருவம் காண்பது எப்படி என்று அறிய விரும்பும் வடிவமைப்பாளர் வெளிநாட்டு நூல்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

கழிவு

வழக்கமான வெட்டில் துணியில் சுமார் 15 விழுக்காடு துண்டாகக் கழிகிறது என்பது பொதுக்கணக்கு. கழிவே இல்லாத வெட்டு என இன்று பேசப்படுவது, துண்டுகளை ஒன்றுக்கொன்று இடைவெளியின்றிப் பொருந்த வரைவதாகும். வேட்டி, துண்டு, சேலைக்கு இந்தச் சிக்கலே எழவில்லை.

தற்காலம்

சென்னைத் தரமணியில் 1995இல் தொடங்கிய நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) உள்ளிட்ட நிறுவனங்களில் பேட்டர்ன் ஒரு பாடம். கணினித் திரையிலும் வெட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் வந்துள்ளன.