அயுத்தயாவில் பிறந்து வேப்பம்பட்டில் உழைத்தது

கேமராவின் அடிப்பக்கத்தில் 'தாய்லாந்தில் தயாரிக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. நிக்கான் டி750. கம்பெனி 1917-இல் தொடங்கிய ஜப்பான்காரர்களுடையது. ஆனால் இந்த மாடல் உருவானது பாங்காக்குக்கு வடக்கே அயுத்தயாவில், ரோஜனா தொழிற்பேட்டையில். 2011 அக்டோபரில் அந்தப் பேட்டையே வெள்ளத்தில் மூழ்கி, 2012 ஜனவரியில்தான் வேலை மெல்லத் தலையெடுத்தது. அந்தப் பட்டறையிலிருந்து வந்த டி750-ஐ 2014 செப்டம்பரில் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் ஒன்று என்னிடம் வந்தது. அதே 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பீரோவின் மேல்தட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வெள்ளத்தைப் பார்த்த வம்சம்.

அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலில் திருநின்றவூரைத் தாண்டியதும் வருவது வேப்பம்பட்டு. எங்கள் பிழைப்பு முழுக்க சி.டி.எச். ரோட்டு மண்டபங்கள்தான்: கிழக்கே பட்டாபிராம், ஆவடி, மேற்கே திருவள்ளூர் வரை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, நாலரை ஆறு முகூர்த்தம், அறுபதாம் கல்யாணம், கடைசியில் சாவு வீடு என்று ஒரு குடும்பத்தின் எல்லா நாளுக்கும் அந்த ஒரே கேமரா போனது. 840 கிராம். அதன் தலையில் ஃப்ளாஷ், முன்னால் 80-200 லென்ஸ். ரிசப்ஷன் முடியும்போது வலது தோள்பட்டை தனியாகப் பேசும்.

அதன் உள்ளே இருந்த சின்னக் கண்ணாடிதான் எல்லாவற்றுக்கும் மூலம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பும்; பெண்டாபிரிசம் அதை நிமிர்த்திக் கண்ணுக்குக் கொடுக்கும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இன்னும் குட்டியான கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழே இறக்கி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் இரண்டும் மேலே மடங்கும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி திரும்ப விழும். 'டக்' என்ற அந்தச் சத்தம் இதுதான்.

கண்ணாடி மடங்கியிருக்கும் அந்தக் கண நேரம் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். அதாவது படம் பதிவாகும் நொடியில் படம் எடுப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் எத்தனையோ ஆல்பங்களில் நான் எடுத்த தாலி கட்டும் படம் இருக்கிறது; அதில் ஒரு நொடியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. முன் நொடியையும் பின் நொடியையும்தான் பார்த்தேன்.

பக்கத்து ஊர் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தவர் பூசலார். இப்படிக் கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவர்களுக்கும் கொஞ்சம் அந்தச் சாமர்த்தியம் வேண்டியிருந்தது. வியூஃபைண்டரில் தெரிவது மேடைதானே ஒழியப் படம் இல்லை. வெளிச்சம் கூடுமா குறையுமா, பட்டுப்புடவையின் சிவப்பு வெளுத்துப் போகுமா என்பதை மனக்கணக்காகவே போட்டாக வேண்டும். எடுத்த பிறகு பின்பக்கத் திரையைக் குனிந்து பார்ப்பது அந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தான். குனிந்த நேரத்தில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார், அது போய்விடும்.

கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள் அப்போதே வந்திருந்தன. 2008-இல் பானசோனிக்கின் ஜி1, 2013-இல் பெரிய சென்சாரோடு சோனி ஏ7. 2018 ஆகஸ்டில் நிக்கானும் இசட்6, இசட்7 என்று இறங்கியது. ஆனால் அந்த இசட்6-இல் மெமரி கார்டுக்கு ஒரே ஓட்டை. டி750-இல் இரண்டு; ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் எழுத வைக்கலாம். கார்டு பழுதாகிவிட்டது, மறுபடி தாலி கட்டுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் காத்திருந்தேன். 2020 அக்டோபரில் இரண்டு கார்டு போடும் இசட்6 இரண்டாம் பதிப்பு வந்தபோது, கொரோனாவால் வந்த, கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்ற கட்டுப்பாட்டில் அடிவாங்கிய தொழில் அப்போதுதான் மூச்சு விடத் தொடங்கியிருந்தது. வாங்கியது அதற்கும் பிறகுதான்.

மிரர்லெஸ்ஸைப் பற்றிச் சொன்னவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது, சத்தமே வராது என்பது. சர்ச்சுக்குள் அமைதியாக நடக்கும் திருமணத்துக்கு அது வரம். கெட்டிமேளம் முழங்கும்போது நாலடி தள்ளி நிற்பவர் கத்துவதே கேட்காது; அங்கே என் 'டக்' யாரை என்ன செய்தது? போதாததற்குச் சத்தமில்லாத ஷட்டரில் ஃப்ளாஷ் வேலை செய்யாது. சென்சார் வரிவரியாகப் படமெடுப்பதால், ரிசப்ஷன் மேடையின் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் முகத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. மேடையில் குரூப் போட்டோவுக்கு நிற்கும் சனம் முகத்தைக் கலைப்பது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். சத்தம் வராவிட்டால் சிரித்தபடியே உறைந்து நிற்கும். "எடுத்தாச்சா தம்பி?" என்று பெரியவர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்பார். ஆகவே மேடைக்குச் சாதாரண ஷட்டர்தான். சத்தமில்லாததை இரண்டு இடத்துக்கு வைத்திருக்கிறேன்: மாமன் மடியில் குழந்தை தூங்கும் காதுகுத்துக்கும், சாவு வீட்டுக்கும். சாவு வீட்டில் அந்த 'டக்' எவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் என்பது எடுத்தவனுக்குத்தான் தெரியும்.

உண்மையில் கேமராவை மாற்ற வைத்தது ஃபோகஸ். டி750-இல் அதற்கென்று தனிச் சென்சார். அதற்கும் படச் சென்சாருக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தால் கண்ணைக் குறிவைத்தாலும் காது கூர்மையாக விழும். "85 பின்னால போவுதுண்ணா" என்று பையன்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு லென்ஸுக்கும் மெனுவில் போய் அளவு திருத்த வேண்டும். மிரர்லெஸ்ஸில் படமெடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. ஹோமப் புகையில் சமயத்தில் அதுவும் தடுமாறும். ஆனால் பழையது தடுமாறிய அளவுக்கு இல்லை. எடுக்கப்போகும் படமே வியூஃபைண்டரில் முன்கூட்டித் தெரிகிறது. ஃப்ளாஷ் போட்டால் மட்டும் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால், ஃப்ளாஷை நம்பி வைத்த அளவுக்கு அறை இருட்டாகத்தான் தெரியும்.

கொடுத்ததற்கு ஈடாகப் பிடுங்கியதும் உண்டு. கம்பெனிக் கணக்குப்படி டி750 ஒரு பேட்டரியில் 1,230 படம் எடுக்கும். புதியது வியூஃபைண்டர் வழியாக 340. நடைமுறையில் கூடுதலாகவே வருகிறது என்றாலும், விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பை நிறையப் பேட்டரி. லென்ஸ் மாற்றுவதும் பயம்தான். பழையதில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் கதவாக நின்றன. இதில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்த வெளி. அட்சதையும் ஸ்னோ ஸ்ப்ரேயும் பறக்கும் மேடையில் அந்த வேலை ஆகாது.

லென்ஸ்கள் கதை வேறு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதல் இருக்கிறது. அதில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மில்லிமீட்டர் தூரம். கண்ணாடி மடங்க அவ்வளவு இடம் வேண்டும். இசட் மவுண்டில் 16-தான். நடுவில் உள்ள 30.5 மில்லிமீட்டரை ஓர் அடாப்டர் நிரப்பும், பழைய லென்ஸ் மாட்டிக்கொள்ளும். ஆனால் என் 80-200 பழைய டி வகை. அதற்குள் மோட்டார் கிடையாது; டி750-இன் உடம்பிலிருந்து ஒரு சின்னத் திருப்புளி நீண்டு அதைச் சுழற்றும். அடாப்டரில் அந்தத் திருப்புளி இல்லை. கையால் ஃபோகஸ் செய்துகொண்டு மாலை மாற்றுவதை எடுக்க எனக்குத் தெம்பில்லை. கேமராவை விற்றால் அந்த லென்ஸும் கூடவே போகவேண்டும் என்று அப்போதே முடிவானது.

விலை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஷட்டர் கவுண்ட். பழைய பைக்குக்குக் கிலோமீட்டர் பார்ப்பது போல. ஒன்றரை லட்சம் வரை சோதித்த ஷட்டர் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. என்னுடையது அதை எப்போதோ தாண்டியிருந்தது. மறைக்கவில்லை, மறைத்தாலும் படத்திலேயே எழுதியிருக்கும். கடைசியில் வாங்கியவன் செவ்வாப்பேட்டைப் பையன், என்னோடு லைட் பிடித்து வேலை கற்றவன். பேட்டரி கிரிப்பையும் லென்ஸோடு சேர்த்துக் கொடுத்தேன், தவணை.

போன தை மாதம் திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்கு அவனை இரண்டாவது கேமராவுக்குக் கூப்பிட்டிருந்தேன். பெண்ணின் அப்பா என் கையிலிருந்ததை ஒரு பார்வை பார்த்தார். கிரிப்பும் 80-200-மாக அவன் நின்ற கோலத்தையும் பார்த்தார். நேரே அவனிடம் போய், "சார், டிபன் ரெடி, முதல்ல நீங்க சாப்பிட்டுடுங்க. உங்க அசிஸ்டென்ட் அப்புறம் வரட்டும்" என்றார். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்திக்குப் போனான்.