வாய்க்கால் நின்ற இடம்

1901 செப்டம்பரில் கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். தண்டவாளம், நீராவிக் கப்பல், ஈயம் என்று அந்தக் காலத்தின் புதுமைகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. சேற்று நிலத்துக் கொசுக்கள் முன்பே அங்கே இருந்தன. கூலிகளும் ரயில்வே ஊழியர்களும் குளிர்காய்ச்சலில் வரிசையாக விழுந்தார்கள். திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் துறைமுகத்தை மூட வேண்டிய நிலை வந்தது.

அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பணியேற்றிருந்தார். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவை ஊர் முழுமைக்கும் பயன்படுத்திப் பார்க்கத் துணிந்தவர் வாட்சன். காட்டை வெட்டச் சொன்னார், சதுப்பை வடித்தார், வாய்க்கால் வெட்டினார். மருந்துப் புட்டியை விட மண்வெட்டிக்கே அங்கே வேலை அதிகம்.

பலன் வியக்க வைத்தது. 1901இல் கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரண்டு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு 59. 1905இல் 45. மலேரியா ஒழிப்பு வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி இது.

வாட்சனின் கணக்கில் இன்னொரு வரிசையும் உண்டு. வாய்க்கால் எட்டாத பகுதிகளின் கணக்கு அது. ஊர் எல்லைக்கு வெளியே, அதே கிள்ளான் மாவட்டத்தில், 1901இல் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 266 பேர். 1905இல் அந்த எண் 351 ஆக உயர்ந்திருந்தது.

உயர்வுக்கு ஒரு காரணம் ரப்பர். அந்த ஐந்தாண்டுகளில் காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆள் கூடினால் சாவும் கூடும் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சில மைல் தொலைவில் காய்ச்சலை அடக்கும் வழி கண்டறியப்பட்டிருந்தது. அதைத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலுக்குக் கொண்டுபோகும் செலவு யாருடையது என்பதுதான் முடிவாகாமல் இருந்தது.

சில ஆண்டுகளில் வாட்சன் அரசுப் பணியை விட்டுவிட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார். அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. கடலோரச் சமவெளியில் கொசுவை விரட்டிய முறை மலைச்சரிவுத் தோட்டங்களில் எதிர்ப்பலன் தந்தது. கடலோரக் கொசு நிழலில் தேங்கிய நீரைத் தேடுவது; மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைக் காட்டியதும் அது பெருகியது. அங்கே எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது, நீரை நிலத்தடிக் குழாய்களில் இறக்க வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஒரே வைத்தியம் செல்லுபடியாகவில்லை.

தோட்டங்கள் மருத்துவமனை வைத்திருக்க வேண்டும் என்று பின்னால் சட்டம் வந்தது. மருந்து அலமாரியின் சாவி, டிரெசர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர் கையில் இருந்தது. காய்ச்சலா, சோம்பலா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. லயத்து மனிதருக்கு நவீன மருத்துவம் என்பது ஒரு கருவியாகவோ ஊசியாகவோ அறிமுகமாகவில்லை, இந்த இடைமனிதரின் முகமாகத்தான் அறிமுகமானது. அவர் நல்லவராக இருந்த தோட்டத்தில் மருந்து கிடைத்தது.

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்று இயக்கிய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதன் பின்னால் நின்றது. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அந்தக் காலத்து வாழ்க்கை தெரியும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவ வசதி. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத் துரையும், எழுத்தரான கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி.

மருத்துவமும் சைக்கிளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயலானது என்று தோன்றவில்லை. சைக்கிளை வாங்கும் காசு சிலரிடம் சேர்ந்துவிட்டது, அதில் உட்கார்ந்து போகும் உரிமை சேரவில்லை. வேலைநிறுத்தத்தை அடக்க அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அரை நூற்றாண்டு கழித்து அதே கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுத்த பெரிய கனவு விரிந்தது. 1996இல் பிரதமர் மகாதீர் தகவல் தொழில்நுட்பத்துக்கென ஒரு பெருவழித்தடத்தைத் தொடங்கி வைத்தார். அதன் ஏழு முதன்மைத் திட்டங்களில் ஒன்று தொலை மருத்துவம். ஒவ்வொரு குடிமகனுக்கும் பிறப்பு முதல் தொடரும் மின்னணு உடல்நலப் பதிவு, தூரத்து நோயாளியைத் திரையில் பார்க்கும் நிபுணர் என்று 1997இன் திட்ட வரைவு பேசியது. தொலை மருத்துவச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 1999இல் திறக்கப்பட்ட சிலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனை என்று பெயர் வாங்கியது.

அந்த வழித்தடத்தின் நடுவில் எழுந்த புத்ராஜெயாவின் அடியில் இருந்தது தோட்ட மண். பிராங் புசார், செட்ஜ்லி, மெடிங்லி, கலவே என்ற தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் லயங்களைக் காலி செய்து டிங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபோயின. அந்தக் கட்டடங்களின் சுவர்களில் விரிசல் விழுந்தது தனிக்கதை. மின்னணு நகரத்துக்கு இடம் கொடுத்தவர்கள் அதற்கு வெளியே போய் நின்றார்கள். தொலை மருத்துவச் சட்டமும் நிறைவேறியதோடு சரி, கோவிட் வந்தபோதும் அமலுக்கு வராமலே கிடந்தது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி வந்தது. பிறகு கடைக்குள் நுழைவதும் தடுப்பூசி நாள் குறிப்பதும் கைப்பேசி வழிதான் என்றானது. 2021 மே 2ஆம் தேதி நண்பகலில், கோலாலம்பூர், சிலாங்கூர் மக்களுக்காக 2,68,800 அஸ்ட்ராஜெனெகா ஊசிகளுக்கான முன்பதிவு இணையத்தில் திறந்தது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதற்குள் எல்லாம் தீர்ந்தது. மேசைக்கணினியும் வேகமான இணைப்பும் உள்ளவர் நான்கு திரைகளில் முயன்றார். முன்கட்டண அட்டையில் தரவு தீர்ந்தவருக்கு அப்படி ஒரு வரிசை நின்றதே தெரியவில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. 1951இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. சுற்றுத் தெருக்களில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களும், கைத்தடியால் தடவி நடக்கப் புடைப்புகள் பதித்த நடைபாதைகளும் உண்டு. மசாஜ் நிலையங்கள் மூடியதால் பிழைப்பு நின்றது. கடைக்குப் போனால் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படம்பிடிக்க வேண்டியிருந்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் கைப்பேசியில் இருக்கலாம், ஆனால் குறியீட்டுத் தாள் கதவில் ஒட்டியிருக்கிறதா தூணில் ஒட்டியிருக்கிறதா என்று அது சொல்லாது. மாற்று வழியாக வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதவும் கண் வேண்டியிருந்தது.

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இடம் போதாமல் வெளியே கூடாரங்களில் கட்டில்கள் போடப்பட்டன. அந்த மாதங்களில் தடுப்பூசிப் பணியின் வேகம் மாறியது. முன்பதிவு இல்லாமலும் நேரே வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு வந்தது. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளின் அடிவாரத்துக்கே தடுப்பூசி லாரிகள் போயின. 1901இல் வாய்க்கால் ஊர் எல்லையில் நின்றது. இம்முறை லாரியாவது மாடிப்படி வரை வந்தது.

மைசெஜாத்ரா செயலியில் 'தாங்குங்கான்', அதாவது சார்ந்திருப்போர், என்றொரு வசதியும் சேர்ந்தது. கைப்பேசி இல்லாத முதியவரை மகனோ பேரனோ தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய டிரெசரின் இடத்தில் வீட்டுப் பேரன். ஊசி போட்ட சான்றிதழ் அவன் கைப்பேசியில் இருந்தது. காலையில் ஷா ஆலாம் தொழிற்சாலைப் பேருந்தில் அவன் ஏறியதும் பாட்டியின் சான்றிதழும் கூடவே ஏறிப் போனது. அதனால் பல வீடுகளில் அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையிட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துப் பாட்டியின் சுருக்குப்பைக்குள் வைத்துவிட்டார்கள்.