துவாரகா வார்டிலிருந்து மக்களவைக்கு: கமல்ஜீத் ஷெராவத் கடந்து வந்த பாதை

புது தில்லி: மேற்கு தில்லி மக்களவைத் தொகுதியின் உறுப்பினரான கமல்ஜீத் ஷெராவத், தெற்கு தில்லி மாநகராட்சியின் மேயராகப் பணியாற்றியவர். 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தில்லியின் ஏழு தொகுதிகளையும் பாஜக கைப்பற்றியது. வென்ற எழுவரில் மூவர் முன்னாள் மேயர்கள். மற்ற இருவர், வடமேற்கு தில்லியில் வென்ற யோகேந்தர் சந்தோலியா (வடக்கு மாநகராட்சி, 2014-15) மற்றும் கிழக்கு தில்லியில் வென்று மத்திய இணையமைச்சரான ஹர்ஷ் மல்ஹோத்ரா (கிழக்கு மாநகராட்சி, 2015-16) ஆகியோர்.

ஷெராவத்தின் முதல் பெரிய தேர்தல் தோல்வியிலேயே முடிந்தது. 2008 சட்டப்பேரவைத் தேர்தலில் மட்டியாலா தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்ற அவர், காங்கிரஸின் சுமேஷ் ஷோக்கீனிடம் தோற்றார். அதற்குப் பின் கட்சியின் தில்லி அமைப்பில் பணியாற்றி வந்த அவருக்கு 2017 மாநகராட்சித் தேர்தல் வாய்ப்பளித்தது. பத்தாண்டுகளாக மாநகராட்சியை ஆண்ட பாஜக, மக்களின் அதிருப்தியைச் சமாளிக்கும் பொருட்டு, பதவியிலிருந்த கவுன்சிலர்கள் எவருக்கும் மீண்டும் போட்டியிட வாய்ப்பில்லை என அறிவித்தது. அந்த முடிவால் புதுமுகங்களுக்குக் கதவு திறந்தது. அத்தேர்தலில் கட்சி வென்றதும் ஷெராவத் 2017-18-ஆம் ஆண்டுக்கான மேயரானார்.

தில்லி மேயர் பதவியின் தன்மையை இங்கே விளக்க வேண்டியுள்ளது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958-இல் அமைக்கப்பட்ட தில்லி மாநகராட்சிக்கு அருணா ஆசஃப் அலி முதல் மேயர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பதவிக்காலமும் ஓராண்டே. ஐந்தாண்டு அவையின் முதலாம் ஆண்டில் பெண்ணுக்கும் மூன்றாம் ஆண்டில் பட்டியல் சாதியினருக்கும் அப்பதவி ஒதுக்கப்பட்டுள்ளது. நிர்வாக அதிகாரம் மத்திய அரசு நியமிக்கும் ஆணையரிடமும், பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் 18 பேர் கொண்ட நிலைக்குழுவிடமும் உள்ளன. மேயரின் அங்கி கண்ணைக் கவரும்; நிதியின் சாவி இருப்பதோ நிலைக்குழுவிடம். 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட மாநகராட்சி, 2022 மே 22 அன்று மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது. 272 ஆக இருந்த வார்டுகள் 250 ஆகக் குறைந்தன.

இணைப்புக்குப் பின் 2022 டிசம்பரில் நடைபெற்ற தேர்தலில் ஆம் ஆத்மி 134 இடங்களையும் பாஜக 104 இடங்களையும் பெற்றன. துவாரகா-பி வார்டில் வென்ற ஷெராவத் இம்முறை எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். மூன்று முறை கூட்டம் குலைந்த பின்னர் 2023 பிப்ரவரி 22 அன்றுதான் ஆம் ஆத்மியின் ஷெல்லி ஓபராய் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரிடம் தோற்ற பாஜக வேட்பாளர் ரேகா குப்தாவே, ஈராண்டுகளுக்குப் பின் தில்லியின் முதல்வரானார்.

அடுத்த இரு நாள்களில் நிலைக்குழு உறுப்பினர் தேர்தல் கைகலப்பில் முடிந்தது. ஒரு வாக்கைச் செல்லாதென அறிவித்த மேயர் ஓபராய், மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். இதை எதிர்த்து ஷெராவத்தும் மற்றொரு பாஜக கவுன்சிலரான ஷிகா ராயும் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2023 மே 23 அன்று மறுதேர்தல் முடிவை ரத்து செய்த நீதிமன்றம், ஏற்கெனவே பதிவான வாக்குகளின் அடிப்படையில் முடிவை அறிவிக்குமாறு உத்தரவிட்டது. அதன்படி இரு கட்சிகளுக்கும் தலா மூன்று இடங்கள் கிடைத்தன. பாஜகவின் மூவரில் ஷெராவத்தும் ஒருவர்.

2024 மார்ச் 2 அன்று வெளியான பாஜகவின் முதல் வேட்பாளர் பட்டியலில், மேற்கு தில்லியில் இரு முறை வென்ற பர்வேஷ் சாகிப் சிங் வர்மாவுக்குப் பதிலாக ஷெராவத்தின் பெயர் இடம்பெற்றது. அவரை எதிர்த்து ஆம் ஆத்மி சார்பில் நின்ற மகாபல் மிஸ்ராவும் கவுன்சிலர், சட்டப்பேரவை உறுப்பினர், மக்களவை உறுப்பினர் என ஒவ்வொரு படியாக ஏறியவர். ஷெராவத் 8,42,658 வாக்குகளும் மிஸ்ரா 6,43,645 வாக்குகளும் பெற்றனர். வாக்கு வித்தியாசம் 1,99,013. வர்மா 2019-இல் பெற்ற 5,78,486 வாக்கு வித்தியாசத்துடன் ஒப்பிட்டால் இது வெகுவாகக் குறைவு. ஆம் ஆத்மியும் காங்கிரஸும் இம்முறை கூட்டணி அமைத்திருந்ததை அதனுடன் சேர்த்தே நோக்க வேண்டும்.

அவர் விட்டுச்சென்ற இடம்

மக்களவைக்குத் தேர்வானதும் ஷெராவத்தின் கவுன்சிலர் பதவியும் நிலைக்குழு இடமும் காலியாயின. மேயராக இருந்துகொண்டே நாடாளுமன்றத்திலும் அமரும் வழக்கம் செக் குடியரசில் உண்டு; பிரான்ஸ் அதை 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. தில்லியிலோ ஒருவர் மேலே சென்றபோது கீழே உருவான வெற்றிடமே பெரும் வழக்காக மாறியது.

2024 செப்டம்பரில் மண்டலங்களின் வழியே தேர்வான 12 நிலைக்குழு உறுப்பினர்களில் ஏழு பேர் பாஜகவினர், ஐவர் ஆம் ஆத்மியினர். அவை தேர்ந்தெடுத்தவர்களையும் சேர்த்தால் கணக்கு 9-க்கு 8. ஷெராவத் விட்டுச்சென்ற 18-ஆவது இடம் ஆம் ஆத்மிக்குச் சென்றிருந்தால் குழு சரிபாதியாக நின்றிருக்கும். மேயர் ஒத்திவைத்த அத்தேர்தலை, துணைநிலை ஆளுநரின் உத்தரவின் பேரில் அதிகாரி ஒருவர் தலைமையேற்று செப்டம்பர் 27 அன்று நடத்தினார். ஆம் ஆத்மி புறக்கணிக்க, பாஜகவின் சுந்தர் சிங் வென்றார். இவ்வளவு அவசரம் ஏன் என அக்டோபர் 4 அன்று வினவிய உச்ச நீதிமன்றம், நிலைக்குழுத் தலைவர் தேர்தலை நடத்த வேண்டாமென அறிவுறுத்தியது. தலைவராக சத்யா சர்மா தேர்வானது 2025 ஜூனில்தான். அதுவரை பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் அமைப்பே இல்லாமல் தலைநகரின் மாநகராட்சி இயங்கியது.

துவாரகா-பி வார்டு மக்களின் காத்திருப்பு இதைவிட நீண்டது. 2025 நவம்பர் 30 அன்று 12 வார்டுகளில் நடைபெற்ற இடைத்தேர்தலின்போதுதான் அங்கும் வாக்குப்பதிவு நடந்தது. டிசம்பர் 3 அன்று வெளியான முடிவில் பாஜக அவ்வார்டைத் தக்கவைத்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அங்கே கவுன்சிலர் இல்லை. குப்பையோ சாக்கடையோ, எதற்கும் மக்கள் அதிகாரிகளையே நாட வேண்டியிருந்தது.

லக்ஷ்மிபாய் நகரின் நிலை

தில்லித் தமிழர்களுக்கு இந்த ஏணியின் அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று மேற்கு தில்லித் தொகுதிக்குட்பட்ட ஜனக்புரியில் உள்ளது. அங்கே மாநகராட்சிக் கவுன்சிலர் உண்டு. மற்றொன்று அமைந்துள்ள லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி நகராட்சிக் கவுன்சிலின் எல்லைக்குள் வருகிறது. அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த அப்பகுதியில் வார்டு தேர்தலே கிடையாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சிலின் தலைவரையும் பெரும்பாலான உறுப்பினர்களையும் மத்திய அரசே நியமிக்கிறது. அப்பகுதியின் மக்களவை உறுப்பினரும் சட்டப்பேரவை உறுப்பினர்களும் மட்டுமே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அதில் இடம்பெறுகின்றனர். ஆகவே லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒருவர் கவுன்சிலராகத் தொடங்கி மக்களவையை எட்டுவதற்கான முதல் படியே அங்கு இல்லை.

தில்லி மாநகராட்சியுடன் ஷெராவத்துக்கு உள்ள தொடர்பு முற்றிலும் அறுந்துவிடவில்லை. தில்லியின் மக்களவை உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் மேயர் தேர்தலில் வாக்குரிமை உண்டு. 2024 நவம்பரில் ஆம் ஆத்மியின் மகேஷ் கீச்சி மூன்றே வாக்கு வித்தியாசத்தில் மேயரானார்; 2025 ஏப்ரலில் ஆம் ஆத்மி போட்டியிலிருந்து விலக, பாஜகவின் ராஜா இக்பால் சிங் அப்பதவிக்கு வந்தார்.