எஃபுண்டெரே

வெளியே ஊற்றுதல், கொட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். 'வெளியே' என்னும் பொருள்தரும் 'எக்ஸ்' முன்னொட்டும் 'ஊற்று' என்னும் 'ஃபுண்டெரே'யும் சேர்ந்தது. கண்ணீர் உகுப்பதற்கும், வாயில் வழியே கூட்டம் திரண்டு வெளியேறுவதற்கும், சொத்தை வாரியிறைப்பதற்கும் ரோமர் இதையே ஆண்டனர். காசைத் தண்ணீராய் இறைத்தான் என்கிறோமே, அதற்கு மிக அருகில் நிற்கும் வழக்கு. நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதை மருத்துவர்கள் 'எஃப்யூஷன்' என்பதும் இதன் வழியேதான்.

வேர்ச்சொல் இன்னும் வளமானது. ஃபுண்டெரே ஊற்றுவதோடு, உலோகத்தை உருக்கி வார்ப்பதையும் குறிக்கும். தமிழ் 'வார்' அப்படியே: ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம், மணப்பந்தலில் தாரை வார்க்கிறோம், பட்டறையில் இரும்பை வார்க்கிறோம். உறவில்லாத இரு மொழிகள் ஒரே கருத்தில் வந்து சேர்ந்திருப்பது வியப்புக்குரியது. ஈய எழுத்து வார்ப்பைக் குறித்த பிரெஞ்சுச் சொல் வழியே 'ஃபான்ட்' பிறந்தது. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களால் அச்சுத்தொழில் தழைத்த சிவகாசியில், காலண்டர் வடிவமைப்பவர் 'ஃபான்ட்' மாற்றச் சொல்லும்போது அந்தப் பழைய வினைதான் நாவில் வருகிறது.

அதே ஊரின் புஸ்வாணம் பொறிகளைக் கொட்டுவதற்கும் எஃபுண்டெரே பொருந்தும். நம்மிடம் அதற்குச் 'சொரிதல்' இருக்கிறது. மழைக்கும் மலருக்கும் உரிய அச்சொல்லே அழகு.